உதவி செய்வது யாருக்காக?

ஒரு வாசகரின் கேள்வி – பிப்ரவரி 2, மாலை 6.15

எல்லா உதவியும் கடைசியில் சுயநலம்தான். ஒருவன் பேருக்காகச் செய்கிறான், ஒருவன் புண்ணியத்துக்காக, இன்னொருவன் குற்ற உணர்ச்சியைக் கழுவிக்கொள்ள. "எனக்கு எதுவுமே வேண்டாம்" என்று சொல்பவனுக்கும் செய்து முடித்ததும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறதே, அதற்காகத்தான் செய்கிறான். இதை மறுக்க ஒரே ஒரு உதாரணம் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 2, இரவு 10.40

உதாரணம் தரமாட்டேன். தந்தால் என்ன ஆகும் என்று தெரியும். எரிகிற வீட்டுக்குள் ஓடி யாரோ ஒருவரின் குழந்தையைத் தூக்கி வந்தவரைக் காட்டினால், "விட்டிருந்தால் ஆயுசுக்கும் தூக்கம் வந்திருக்காதே, அந்தப் பயம்தான்" என்பீர்கள். அவர் அங்கேயே செத்துப்போயிருந்தால், "சாவதற்கு அரை விநாடி முன்னால் பெருமைப்பட்டிருப்பார்" என்பீர்கள். எதைப் போட்டாலும் விழுங்கிக்கொள்வதை வாதத்தின் பலம் என்று நினைக்காதீர்கள். அதற்கு வாய் மட்டும்தான் இருக்கிறது.

பழைய வாதமும்கூட. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் லண்டன் தெருவில் ஒரு கிழவருக்குப் பிச்சை போட்டார். அருகில் நின்ற மதகுரு, "கிறிஸ்து சொல்லியிராவிட்டால் இதைச் செய்திருப்பீரா?" என்று கேட்டார். செய்திருப்பேன் என்றார் ஹாப்ஸ்: அவருடைய துன்பத்தைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது, என் காசு அவர் வேதனையைத் தீர்த்ததில் என் வேதனையும் தீர்ந்தது. ஹாப்ஸின் நண்பர் ஜான் ஆப்ரி எழுதிவைத்த குறிப்பு இது. உங்கள் கட்சிக்காரர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவது. ஆனால் ஓட்டை அதிலேயே இருக்கிறது. கிழவரின் துன்பம் ஹாப்ஸுக்கு எதற்கு வலித்தது? முழுச் சுயநலக்காரனுக்கு அடுத்தவன் வலி வலிக்கவே கூடாது.

அப்புறம் அந்தச் சந்தோஷம். நடந்தால் செருப்பு தேயும். செருப்பைத் தேய்ப்பதற்காகவா நடந்தேன்? பின்னால் வருவதெல்லாம் நோக்கம் ஆகிவிடாது.

பிப்ரவரி 3, காலை 7.05

செருப்பு உதாரணம் சொத்தை. படுத்த பிறகுதான் உறைத்தது. செருப்பு தேய்வதை யாரும் விரும்புவதில்லை. உதவியபின் வரும் சந்தோஷத்தை எல்லோரும் விரும்புகிறோம். விரும்புவது ஒன்று தவறாமல் பின்னால் வருமென்றால், அதை நினைத்துத்தான் செய்தேனா இல்லையா என்று எனக்கே தெரியாமல் போகலாம். கேள்வி கேட்டவருக்கு இந்த இடத்தில் பாதி மதிப்பெண்.

பிப்ரவரி 3, இரவு 9.20

இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்று ஒரு ஆள் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினார். டேனியல் பேட்சன், உளவியலாளர், கன்சாஸ் பல்கலைக்கழகம். அவரும் உடன் பணியாற்றியவர்களும் 1981இல் வெளியிட்ட சோதனையைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மாணவிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, பக்கத்து அறையில் எலேன் என்ற பெண்ணுக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதைத் திரையில் காட்டினார்கள். (உண்மையில் அதிர்ச்சி கிடையாது, முன்பே எடுத்த படம்.) எலேன் துடிக்கிறாள். "அவளுக்குப் பதில் நீங்கள் போய் உட்காருகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். சூட்சுமம் இங்கேதான். பாதிப் பேருக்கு, முடியாது என்று சொன்னால் எழுந்து போய்விடலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டாம். மீதிப் பேர் முடியாது என்றாலும் எலேன் கடைசிவரை துடிப்பதை உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். இன்னொரு பக்கம், பாதிப் பேரிடம் எலேன் உன்னைப் போன்ற ரசனையும் கருத்தும் உள்ளவள் என்று சொல்லியிருந்தார்கள்; மீதிப் பேரிடம் உனக்கு நேர்மாறானவள் என்று.

உங்கள் வாதப்படி உதவி என்பது என் வேதனையைத் தீர்க்கத்தான் என்றால், எழுந்து போக வழி இருக்கும்போது எல்லோரும் போய்விட வேண்டும். அதுதான் மலிவான மருந்து. எலேனை வேற்றாளாகப் பார்த்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். பார்த்தே தீர வேண்டும் என்றபோது 64 சதவீதம் பேர் உதவ முன்வந்தார்கள். போகலாம் என்றபோது 18 சதவீதம்தான். ஹாப்ஸ் இதுவரை சரி. ஆனால் எலேனைத் தன்னைப் போன்றவளாகப் பார்த்தவர்களிடம் கதவு திறந்திருந்தும் 91 சதவீதம் பேர் போகவில்லை. கதவு மூடியிருந்தபோது 82. கதவு பொருட்டாகவே இல்லை.

ஆகவே இரண்டு விதமான மனிதர்கள் இல்லை. ஒரே மனிதருக்குள் இரண்டு விதமான உதவி இருக்கிறது.

பிப்ரவரி 3, இரவு 11.50

அவசரப்பட்டுக் கொண்டாட வேண்டாம். நான்கு பிரிவு, பிரிவுக்கு 11 பேர், மொத்தம் 44. அந்த 91 என்பது பதினொன்றில் பத்து. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் இன்னொரு கொக்கியும் போட்டார்: தன்னைப் போன்றவள் என்று நினைத்தபோது அவள் கிட்டத்தட்ட "நான்" ஆகிவிடுகிறாள், ஆகவே அவளுக்குச் செய்வதும் எனக்குச் செய்வதுதான் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "நான்" என்பதை அவ்வளவு தூரம் இழுத்தபின் "சுயநலம்" என்ற சொல்லுக்கு என்ன வேலை மிச்சம்? உலகம் முழுவதும் நானே என்கிற ஞானியைச் சுயநலக்காரர் பட்டியலில் முதலாவதாகப் போட வேண்டி வரும்.

பிப்ரவரி 5, மாலை 5.30

தத்துவம் போதும். என் கதை ஒன்று.

பல வருடம் முன்பு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயில் நிலையத்தில் மேம்பாலப் படிக்கட்டு. பத்து நிமிடம் தாமதம். படியில் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முகம் சரியில்லை. நான் கவனிக்கவில்லை, தாண்டிப் போன பிறகுதான் மனதில் பதிந்தது. அதற்குள் மேலே ஏறிவிட்டேன். திரும்பவில்லை. வேலை கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

பின்னாளில் ஜான் டார்லியும் பேட்சனும் 1973இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அப்பாடா என்றிருந்தது. பிரின்ஸ்டனில் மதகுருவாகப் படித்துக்கொண்டிருந்த 40 பேரை ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேசப் போகச் சொன்னார்கள். வழியில் ஒரு வாசலில் ஒருவர் சுருண்டு, இருமி, முனகிக்கொண்டிருப்பார். நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்றார்கள். சரியான நேரம், கிளம்புங்கள் என்றால் 45. தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்றால் 10. பாதிப் பேர் பேசப் போன தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதைதான்! அந்தக் கதையை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே முனகுகிறவரைத் தாண்டிப் போனார்கள்.

குணம் இல்லை, கடிகாரம். அன்று முதல் இதுதான் என் பதில்.

பிப்ரவரி 5, இரவு 8.10

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் புகழ்பெற்ற 10 சதவீதம், பத்துப் பேரில் ஒருவர். 63 சதவீதம், எட்டுப் பேரில் ஐந்து பேர். சதவீதம் என்று எழுதினால் கூட்டம் பெரிதாகத் தெரிகிறது. அதோடு, சமாரியன் கதையைப் பேசப் போனவர்களில் 53 சதவீதம் பேர் உதவினார்கள், மற்ற தலைப்பில் பேசப் போனவர்களில் 29. அன்றைய புள்ளியியல் கணக்குப்படி இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று ஒதுக்கினார்கள். 40 பேரை வைத்துக்கொண்டு அப்படி அடித்துச் சொல்ல முடியுமா என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கதைக்கும் கொஞ்சம் வேலை இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 8, காலை 6.45

நியூயார்க்கில் 38 பேர் ஜன்னலில் நின்று கொலையை வேடிக்கை பார்த்தார்களே, மனிதன் அவ்வளவுதான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

1964 மார்ச் 13, விடிகாலை மூன்று மணி அளவில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் குத்திக் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. தலைப்பில் 37, உள்ளே 38. அத்தனை பேர் பார்த்தும் ஒருவரும் போலீசைக் கூப்பிடவில்லை என்று. பாடப் புத்தகம் வரை போய் உட்கார்ந்துகொண்டது. 2007இல் மூன்று உளவியலாளர்கள் வழக்கு ஆவணங்களைத் தோண்டி, அந்தக் கதையை ஆதாரம் தாங்கவில்லை என்று எழுதினார்கள். பெரும்பாலோர் கேட்டது ஒரு கத்தல், அவ்வளவுதான். தாக்குதல் இரண்டு இடத்தில் நடந்தது. இரண்டாவது இடம் ஜன்னல்களிலிருந்து தெரியாத உள்வாசல். ஒருவர் ஜன்னலிலிருந்து அதட்டியதும் கொலையாளி முதலில் ஓடிப்போனான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், கொலையாளி இன்னும் அங்கேதான் இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் கீழே ஓடி, சாகிற தறுவாயில் இருந்தவரை மடியில் தாங்கிக்கொண்டார். போலீசுக்குப் போன அழைப்பும் உண்டு. நியூயார்க்கில் 911 என்ற எண்ணே அப்போது கிடையாது; 1968இல்தான் வந்தது. 2016இல் கொலையாளி இறந்தபோது அந்தப் பத்திரிகையே தன் பழைய செய்தியில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது.

ஓடி வந்த அந்த ஒருத்தி எந்தப் பாடத்திலும் இல்லை. வராத 38 பேர் எல்லாப் பாடத்திலும் இருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, மதியம் 1.15

ஆனால் தப்பான செய்தியிலிருந்து சரியான ஆராய்ச்சி பிறந்தது. டார்லியும் பிப் லத்தானேயும் 1968இல் செய்தது. தனித்தனி அறையில் மாணவர்கள், இண்டர்காம் வழியாகப் பேச்சு. பேசுகிறவர்களில் ஒருவருக்குத் திடீரென்று வலிப்பு வருவது போலக் குரல். கேட்பது நான் ஒருவன்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு முடிவதற்குள் எழுந்து ஓடினார்கள். என்னைத் தவிர இன்னும் ஒருவர் கேட்கிறார் என்றால் 62. இன்னும் நான்கு பேர் என்றால் 31.

எழுந்து வராதவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் என்று நினைத்தால் தப்பு. ஆய்வாளர் உள்ளே போனபோது அவர்கள் கை நடுங்கிக்கொண்டிருந்தது, வியர்த்திருந்தது. "அவருக்கு ஒன்றும் ஆகலையே?" என்று கேட்டார்கள். போகலாமா வேண்டாமா என்ற இழுபறியிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு மறுபக்க அனுபவம் உண்டு. கூட்டத்தில் ஒருமுறை மயக்கம் வந்து சுவரோடு சரிந்தேன். பேச முடிந்தது, நிற்க முடியவில்லை. சுற்றி இருபது பேராவது இருப்பார்கள். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அந்தப் பத்து விநாடி மாதிரி நீளமான பத்து விநாடியை நான் பார்த்ததில்லை. அப்புறம் கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவரைப் பார்த்து "அண்ணே, கொஞ்சம் பிடிங்க" என்றேன். அவர் நகர்ந்த அதே நொடியில் இன்னும் நாலு பேர் வந்தார்கள். தண்ணீர், விசிறி, செருப்பைக் கழற்றிவிட ஒருவர். யாரும் கெட்டவர்கள் இல்லை. பெயர் கூப்பிடாத வகுப்பறை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, மதியம் 1.40

ஆகவே தமிழில் நம்பவே கூடாத ஆள் "யாராவது". "யாராவது வாங்களேன்", "யாராவது பார்த்துச் சொல்லுங்கள்", "யாராவது அனுப்புவீர்களா". வாட்ஸ்அப் குழு தொடங்கிய நாள் முதல் இந்த யாராவது ஒரே ஒரு தடவைகூட வந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 10, இரவு 10.05

மேலே சொன்னதற்கு எதிர்ச்சான்று. நானே போட்டுவிடுகிறேன், இல்லையென்றால் வேறு யாராவது (!) போடுவார்கள். ஆம்ஸ்டர்டாம், கேப் டவுன், இங்கிலாந்தின் லங்காஸ்டர் ஆகிய மூன்று நகரங்களின் சிசிடிவி பதிவுகளில் 219 தெருச் சண்டைகளை எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் வழியே போன ஒருவராவது தலையிட்டிருக்கிறார். கூட்டம் பெரிதாகப் பெரிதாக யாரோ ஒருவர் வரும் வாய்ப்பும் கூடியிருக்கிறது.

இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம். கூட்டத்தில் ஒவ்வொருவரின் கால் தயங்குகிறது. ஆனால் கால்கள் நிறைய இருக்கின்றன. அதோடு கண்ணெதிரே அடிதடி என்றால் அங்கே என்ன நடக்கிறது என்ற குழப்பம் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவர் குழப்பமானவர். களைப்பா, குடியா, நெஞ்சுவலியா? குழப்பம் இருக்கும் இடத்தில் அடுத்தவன் முகத்தைப் பார்க்கிறோம். அவனும் நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பிப்ரவரி 12, மாலை 6.50

பரிசு கொடுத்தால் உதவி பெருகுமா என்று கேட்டவருக்கு. சுருக்கமாக: பல நேரம் குறையும்.

பதினெட்டு மாதக் குழந்தைகள் முன்னால் ஒருவர் துணிக் கவ்வியைத் தவறவிட்டு எட்ட முடியாமல் கையை நீட்டுவார். பெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டொமசெல்லோவும் 2006இல் செய்தது. இதுபோன்ற பல சோதனைகளில் 24 குழந்தைகளில் 22 பேர் ஒரு முறையாவது உதவினார்கள். அவரே வேண்டுமென்று தூக்கிப் போட்டால் எடுத்துத் தரவில்லை, விளையாட்டுக்கும் தவிப்புக்கும் வித்தியாசம் தெரிகிறது. 2008இல் இன்னொன்று செய்தார்கள்: இருபது மாதக் குழந்தைகளில் சிலருக்கு எடுத்துக் கொடுத்ததற்குப் பரிசாகப் பொம்மை கொடுத்துப் பழக்கினார்கள். பரிசு நின்றதும், பொம்மையே வாங்கியிராத குழந்தைகளைவிட அவர்கள் குறைவாக உதவினார்கள்.

பெரியவர்களும் அதே லட்சணம்தான். ரத்ததானத்துக்கு முன்வரும்படி சுவீடனில் கேட்டுப் பார்த்தார்கள், 2008இல் வெளியான ஆய்வு. பணம் கிடையாது என்றபோது பெண்களில் 52 சதவீதம் பேர் சரி என்றார்கள், பணம் உண்டு என்றபோது 30. அந்தப் பணத்தை அறக்கட்டளைக்குக் கொடுத்துவிடலாம் என்றதும் மறுபடி 53. ஆண்களிடம் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கு இருக்கும் விளக்கத்தை எழுதினால் இந்தப் பக்கத்தில் சண்டை வரும்.

கேள்வி கேட்டவருக்கு இது இடைஞ்சல் இல்லையா? எல்லாம் ஆதாயத்துக்குத்தான் என்றால் ஆதாயத்தைக் கூட்டும்போது உதவியும் கூட வேண்டும். "பணம் வந்தால் நல்லவள் என்ற எண்ணம் போய்விடும், அந்த எண்ணமும் ஒரு ஆதாயம்தான்" என்பீர்கள். தெரியும். வாய் மட்டும் இருக்கிற வாதம் என்று சொன்னேனே.

பிப்ரவரி 13, காலை 7.30

பரிணாமம் பற்றி இரண்டே வரி. உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன், இரண்டு சகோதரருக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரருக்காகவோ உயிரைக் கொடுப்பேன் என்று வேடிக்கையாகச் சொன்னதாகக் கதை. 1964இல் வில்லியம் ஹாமில்டன் அந்த வேடிக்கையைக் கணக்காக்கினார். உறவு நெருக்கத்தால் பெருக்கிய பலன் செலவைவிடப் பெரிதானால் விட்டுக்கொடுக்கும் குணம் தழைக்கும். உறவில்லாதவருக்கு ஏன் என்பதற்கு 1971இல் ராபர்ட் டிரிவர்ஸ்: இன்று நான், நாளை நீ.

இதை வைத்து "ஆக சுயநலம்தானே" என்று துள்ளாதீர்கள். மரபணுவின் கணக்கு அம்மாவின் மனதில் ஓடுவதில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவள் ஐம்பது சதவீத மரபணுவையா காக்கிறாள்?

கூடவே ஜார்ஜ் பிரைஸ். அந்தக் கணக்கை இன்னும் நேர்த்தியான சமன்பாடாக 1970இல் வெளியிட்டவர். பிறகு வீடற்றவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துத் தங்கவைத்தார், கையிலிருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுத் தானே வீடற்றவர் ஆனார். 1975 ஜனவரியில் இறந்தார். தன் சமன்பாட்டைத் தோற்கடிக்கப் பார்த்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். ஒரு மனிதரின் துயரத்தை அப்படி ஒரே வரியில் முடித்துவிட எனக்குத் துணிவில்லை.

பிப்ரவரி 14, இரவு 9.00

பொதுத் தொலைபேசிச் சோதனையை யாரும் கொண்டுவர வேண்டாம், ப்ளீஸ். 1972: தொலைபேசிப் பெட்டியில் விட்டுப்போன ஒரு நாணயம் கிடைத்தவர்களில் 16க்கு 14 பேர், அதைத் தாண்டிப் போனவர் தவறவிட்ட காகிதங்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள், நாணயம் கிடைக்காதவர்களில் 25க்கு ஒருவர். நான் பத்து வருடம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்த கதை. அப்புறம் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை என்று தெரிந்தது. 14க்கு 1 என்று வரும்போதே மூக்கு வியர்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 16, மாலை 4.20

இதுவரை கொடுப்பவர் பக்கமே நின்று பேசியிருக்கிறோம். வாங்குகிற பக்கம்?

எனக்குக் கஷ்டகாலத்தில் ஒருவர் பெரிய உதவி செய்தார். மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் எந்த நல்ல செய்தி சொன்னாலும் அவர் முகத்தில் "யாரால் தெரியுமா?" என்று ஒரு சின்ன எழுத்து ஓடும். வாயால் ஒருநாளும் சொன்னதில்லை, அதனால் திருப்பிச் சொல்லவும் வழியில்லை. கடனாக வாங்கியிருந்தால் அடைத்திருப்பேன். உதவியை அடைக்க முடியாது. கைம்மாறு என்ற சொல்லே எவ்வளவு கனமானது பாருங்கள்: இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறினால்தான் இறங்குகிற பாரம்.

சங்கப் பாட்டு ஒன்றில் புலவர் முடமோசியார், வள்ளல் ஆய் அண்டிரனைப் புகழும்போது, இம்மையில் செய்வது மறுமைக்கு ஆகும் என்று கொடுக்கிற "அறவிலை வணிகன்" அல்லன் அவன் என்கிறார். அறத்தை விலைக்கு விற்கிற வியாபாரி. உங்கள் பிப்ரவரி 2 கேள்வியை இரண்டே சொல்லில் அடக்கியிருக்கிறார் மனிதர். ஒரு வித்தியாசம்: எல்லோரும் வணிகர்கள்தான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இவன் வணிகன் இல்லை என்று தனியாகச் சொல்லிப் புகழ வேண்டியிருந்தது அவருக்கு. அப்படியானால் வணிகர்கள் அப்போதே நிறைய இருந்திருக்கிறார்கள் என்பதையும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அவரைப் பற்றி எழுதிவிட்டேனே, நான் உதவியவர்களின் பட்டியல் என் மனதில் தேதி வாரியாக இருக்கிறது. இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன். பதினொரு பேர்.

பிப்ரவரி 20, இரவு 12.30

ஒரு திருத்தம். சதவீதம் பற்றியது இல்லை.

பிப்ரவரி 5 அன்று, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரை "நான் கவனிக்கவில்லை, தாண்டிய பிறகுதான் பதிந்தது" என்று எழுதியிருந்தேன். அது உண்மை இல்லை. பல வருடமாக அப்படியே சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அன்று எழுதும்போதுகூடப் பொய் சொல்கிறேன் என்று தோன்றவில்லை. பட்டியலை எண்ணிய அன்றைக்குத்தான் இந்த ஆளும் ஞாபகத்துக்கு வந்தார், பன்னிரண்டாவதாக, பட்டியலுக்கு வெளியே.

பார்த்தேன். கீழே மூன்று படி இருக்கும்போதே பார்த்தேன். அவர் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து லேசாகத் தூக்கினார். என்னைக் கூப்பிடத்தானா, வேர்வையைத் துடைக்கவா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை. ஆகவே கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி தெரிந்துகொள்ள அல்ல, கண்ணை வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

பிரின்ஸ்டன் ஆய்வின் கடைசிப் பகுதியை இன்று மறுபடி படித்தேன். "குணம் இல்லை, கடிகாரம்" என்று நான் சுருக்கியது அவர்கள் சொன்னது அல்ல. நிற்காமல் போனவர்களில் பலர் அடுத்த கட்டிடத்துக்கு வந்து சேர்ந்தபோது பதற்றமாக இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே ஒருவர் அவர்களுக்காகக் காத்திருக்கிறார், இங்கே ஒருவர் முனகுகிறார். இரண்டு பேருக்கு நடுவில் கிழிந்தவர்கள், கல்நெஞ்சர்கள் அல்ல என்கிறார்கள். கடிகாரம் அவர்களைக் குருடாக்கவில்லை. பார்த்துவிட்டுப் போனார்கள், என்னைப் போல.

ஒரே ஒரு வித்தியாசம்: எனக்காக அங்கே யாரும் காத்திருக்கவில்லை. வரிசையில் அறுபது பேர் இருந்தார்கள். நான் பத்து நிமிடம் தாமதமானது யாருக்கும் தெரிந்திருக்காது.

பிப்ரவரி 21, காலை 8.15

ராத்திரி எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 21, மாலை 7.00

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "அப்படியானால் மூன்று வாரமாக இங்கே ஓசியில் எழுதிக்கொண்டிருப்பது அந்தப் படிக்கட்டைக் கழுவத்தானே? என் கட்சி ஜெயித்தது."

என் விஷயத்தில் ஜெயித்தது, எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எழுதுவதில் பாதி அதுதான். மீதி, எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள. ஆனால் எலேனைத் தன்னைப் போன்றவளாகப் பார்த்து, திறந்த கதவு வழியே போகாத அந்தப் பத்துப் பேரும் என் மாதிரிதான் என்பதற்கு நான் எப்படிச் சாட்சி ஆவேன்? என் ஒருவன் கணக்கை வைத்து ஊர்க்கணக்கை முடிக்க வேண்டாம்.

பிப்ரவரி 23, மதியம் 2.30

கேட்பது பற்றி ஒரு விஷயம் விட்டுப்போனது. பிரான்சிஸ் ஃபிளினும் வனெஸா போன்ஸும் 2008இல் செய்த ஆய்வு. முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு படிவம் நிரப்பித் தரக் கேட்கச் சொன்னார்கள். ஐந்து பேர் சம்மதிக்க எத்தனை பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டிக் கேட்டால் சுமார் இருபது என்றார்கள். நிஜத்தில் பத்துப் பேரிடம் கேட்டதே போதுமாக இருந்தது. கேட்பவருக்கு மறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது. கேட்கப்பட்டவருக்கு முகத்துக்கு நேரே மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கேட்பவருக்குத் தெரிவதில்லை. நாஜிகள் காலத்தில் யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களைப் பற்றி ஆலினர் தம்பதி 1988இல் வெளியிட்ட பெரிய ஆய்விலும் இது வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் தானாகக் கிளம்பியவர்கள் இல்லை, ஒருவர் வந்து கேட்டதால் இறங்கியவர்கள். உயிரைப் பணயம் வைக்கிற உதவிக்கே கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"மறுப்பது கஷ்டம் என்பதால் செய்தால் அதுவும் சுயநலம்" என்ற பதில் வந்துகொண்டிருக்கும். தட்டச்சு செய்யும் சத்தம் கேட்கிறது.

அந்தக் கை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தால் என்று நினைத்தேன். உடனே, உயர்ந்திருந்தாலும் கடிகாரத்தைத்தான் பார்த்திருப்பேனோ என்றும் நினைத்தேன். தெரியவில்லை.

மார்ச் 1, இரவு 10.10

இழையை மேலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். பிப்ரவரி 9 அன்று, என் "யாராவது" நக்கலுக்கு நேர் கீழே ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: "எலேன் சோதனையின் நான்கு எண்களையும் அட்டவணையாகத் தமிழில் யாராவது தர முடியுமா? திங்கட்கிழமை வகுப்பில் பேச வேண்டும்." அதன்பின் நாற்பது பதிவுகள் வந்திருக்கின்றன. ஒருவரும் பதில் போடவில்லை. அவற்றில் ஒன்பது என்னுடையவை.

அந்தத் திங்கட்கிழமை போய் இரண்டு திங்கட்கிழமை ஆகிவிட்டது. இருந்தாலும் அட்டவணையைப் போட்டு உங்கள் தனிமடலுக்கு அனுப்பியிருக்கிறேன் அம்மா. ஒவ்வொரு கட்டத்திலும் 11 பேர் என்பதையும் அடியில் எழுதியிருக்கிறேன், வகுப்பில் கேட்பார்கள். வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி சொல்லுங்கள்.